இரவு 3 மணிக்கு மட்டும் காணாமல் போகும் ஹார்ட் டிஸ்க்: பிரீபிஎஸ்டி 14.1, இசட்எஃப்எஸ் மிரர்

ராக்கோழி
செவ்வாய், இரவு 11:20

வணக்கம். ஒன்பது நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கேள்வி முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகக் கோப்பு சர்வர் ஒரு பழைய டெஸ்க்டாப் பெட்டிதான். பிரீபிஎஸ்டி 14.1 என்ற இயங்குதளம் ஓடுகிறது. சிஸ்டம் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கிறது. தரவு முழுக்க இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் மிரர், அதாவது இரண்டிலும் ஒரே தரவு. இரண்டும் சேர்ந்த தொகுப்புக்கு பூல் என்று பெயர், எங்கள் பூலின் பெயர் டேங்க். மேல் தட்டில் இருப்பது அடா0, கீழ்த் தட்டில் இருப்பது அடா1. (இந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது, காலையில் லாகைத் திறந்ததும் என் வாயிலும் அதே "அடா"தான் வருகிறது.)

தினமும் இரவு மூன்று தாண்டியதும், 3:04-க்கும் 3:15-க்கும் நடுவில், அடா1 காணாமல் போகிறது. காலையில் இசட்பூல் ஸ்டேட்டஸ் போட்டால் பூல் 'டிகிரேடட்' (குறையோடு ஓடுகிறது), அடா1-க்கு நேரே 'ரிமூவ்டு' (நீங்கிவிட்டது). ரீபூட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி டிஸ்க் வந்து உட்கார்ந்துகொள்கிறது. விட்டுப்போனதை மட்டும் ரீசில்வர் செய்து (மற்ற டிஸ்க்கிலிருந்து நகலெடுத்து), இரண்டு மூன்று நிமிஷத்தில் எல்லாம் சரி. மறுநாள் இரவு மறுபடியும் அதே கதை.

லாகில் எப்போதும் ஒரே வரிசை. முதலில் 'ஏஹெச்சிஐ சேனல் 1: டைம்அவுட்' (அடா1 மாட்டியிருக்கும் போர்டு இணைப்பு), அப்புறம் 'கமாண்ட் டைம்அவுட்', 'ரீட்ரையிங் கமாண்ட், 3 மோர் ட்ரைஸ் ரிமெயின்'. அந்த 3 குறைந்துகொண்டே வந்து, கடைசியில் 'அடா1 டிடாச்டு' (கழன்றுவிட்டது).

ஒரு நாள் இரவு பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு விசிறி நிற்பது போல ஊளை இறங்கி, திரும்ப ஏறியது. டிஸ்க் சாகிறது என்று முடிவு கட்டி, சனிக்கிழமை புது டிஸ்க் போட்டு இசட்பூல் ரீப்ளேஸ் கொடுத்தேன். 2.3 டிபி ரீசில்வர் முழுசாக முடிந்தது. அன்று இரவு 3:07-க்குப் புது டிஸ்க்கும் போய்விட்டது!

மதர்போர்டு மாற்ற வேண்டுமா? மூன்று மணிக்கு அப்படி என்னதான் நடக்கிறது?

--

தூசிதட்டி
செவ்வாய், இரவு 11:48

முதல் வேலை பேக்கப். மிரரில் ஒரு கால் தினமும் நொண்டும்போது உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி என்றுதான் கணக்கு. வேறு ஏதாவது இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டு அப்புறம் ஆராய்ச்சி செய்யலாம்.

அடுத்தது, டிஸ்க்கின் உடல்நிலைக் கணக்கைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் வெளியீட்டில் 5, 197, 198, 199 ஆகிய நான்கு எண்களையும் மூன்று டிஸ்க்குக்கும் போடுங்கள், கழற்றி வைத்த பழையதையும் சேர்த்து. 5 என்பது டிஸ்க் தானே ஒதுக்கி மாற்றிக்கொண்ட செக்டார்கள். 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. 198-ம் அந்தக் குடும்பம்தான். இவை ஏறியிருந்தால் டிஸ்க்குக்குள் சுழலும் தகடு தேய்கிறது என்று அர்த்தம். 199 வேறு வகை. அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே பேச்சில் வந்த சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை. அது ஏறினால் நான் முதலில் கேபிளைத்தான் பார்ப்பேன்.

--

பழைய_இரும்பு
புதன், காலை 6:15

போர்டு போச்சு. சேனல் 1 என்று லாகே சொல்கிறதே. இரண்டு டிஸ்க் அடுத்தடுத்துக் கெட வாய்ப்பில்லை. தவிர, ஈசிசி ரேம் (தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் வகை) இல்லாத டெஸ்க்டாப்பில் இசட்எஃப்எஸ் ஓட்டுவதே வம்பை விலைக்கு வாங்குவது. லினக்ஸுக்கு மாறிவிடுங்கள்.

--

ராக்கோழி
புதன், காலை 9:30

பேக்கப் எடுத்துவிட்டேன். 5, 197, 198 மூன்று டிஸ்க்கிலும் சுத்தமாக 0. 199 மட்டும் பழையதில் 11, புதியதில் 2, மேல் தட்டு அடா0-இல் 0.

--

தூசிதட்டி
புதன், காலை 10:05

அப்படியானால் நீங்கள் கழற்றி வைத்த பழைய டிஸ்க் நன்றாகவே இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ரேம் பற்றிச் சொன்னார்கள். ரேம் கெட்டிருந்தால் இசட்பூல் ஸ்டேட்டஸில் செக்சம் பத்தியில் எண்கள் ஏறும், அதுவும் மிரரின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில். டிஸ்க் எழுந்து போய்விடுவதற்கும் ரேமுக்கும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. லினக்ஸுக்கு மாறினால் இதே டைம்அவுட் வேறு வார்த்தைகளில் வரும், அவ்வளவுதான்.

மூன்று மணி மர்மம் சுலபம். பிரீபிஎஸ்டியின் நேர அட்டவணையான கிரான்டேபில் 3:01-க்கு 'பீரியாடிக் டெய்லி' என்று ஒரு வேலை முதலிலிருந்தே இருக்கும். அதில் ஒரு பங்கு பாதுகாப்புச் சோதனை. செட்யுஐடி கோப்பு (யார் ஓட்டினாலும் சொந்தக்காரரின் அதிகாரத்தோடு ஓடும் நிரல்) எதுவும் புதிதாக முளைத்திருக்கிறதா என்று ஃபைண்ட் கமாண்ட் கோப்பு முறைமை முழுக்க ஒரு நடை நடந்துவிட்டு வரும். லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகள் இருந்தால் டிஸ்க்கின் கை இடமும் வலமும் ஓடிக்கொண்டே இருக்கும். பகலில் தூங்கும் சர்வருக்கு அதுதான் நாளின் கடினமான நேரம். டேட்டாசெட்டில் (பூலுக்குள் பிரித்து வைத்த கோப்புப் பகுதி) செட்யுஐடியை ஆஃப் செய்தால் இந்தத் தேடல் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் இப்போது அதைச் செய்யாதீர்கள், காய்ச்சல் இருக்கும்போது தெர்மாமீட்டரை ஒளித்து வைத்த கதையாகிவிடும்.

199 இரண்டு டிஸ்க்கிலும் கொஞ்சம் ஏறியிருப்பதால் என் சந்தேகம் டேட்டா கேபிள் மீது. சர்வரை அணைத்துவிட்டு, டிஸ்க் பக்கத்தில் மட்டும் இரண்டு சாட்டா டேட்டா பிளக்கையும் இடம் மாற்றுங்கள். போர்டு பக்கம் தொடாதீர்கள். டிஸ்க்கைத் தட்டிலிருந்து நகர்த்தாதீர்கள். வேறு எதையும் தொடாதீர்கள். இசட்எஃப்எஸ் டிஸ்க்கை அதற்குள் எழுதியிருக்கும் அடையாளத்தை வைத்துத்தான் கண்டுகொள்ளும், எந்தப் போர்ட்டில் இருந்தாலும் கவலைப்படாது. பெயர் மட்டும் மாறும், அதனால் கேம்கன்ட்ரோல் ஐடென்டிஃபை போட்டு சீரியல் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு கோளாறு சேனல் 1-இலேயே நின்றால் கேபிள் அல்லது போர்ட். கீழ் டிஸ்க்கோடு சேனல் 0-க்கு வந்தால் இரண்டும் நிரபராதி.

இரவு வரை காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால், அப்படியே நகலெடுக்கும் டிடி கமாண்டால் டிஸ்க்கைப் படித்து, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்கு அனுப்பிப் பாருங்கள். படிப்பதால் கெடுதல் இல்லை. ஐஎஃப் (எங்கிருந்து) எது, ஓஎஃப் (எங்கே) எது என்று மட்டும் மூன்று தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

--

ராக்கோழி
வியாழன், காலை 8:10

பகலில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் டிடி, இரண்டு மணி நேரம். ஒரு முணுமுணுப்பு இல்லை. ஸ்க்ரப்பும் (பூல் முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டினேன், பிழை 0. பிளக்கை மாற்றினேன், சீரியலைச் சரிபார்த்தேன்.

இரவு 3:06. இந்தத் தடவை 'சேனல் 0: டைம்அவுட்'. சீரியலைப் பார்த்தால் கீழ்த் தட்டு டிஸ்க்தான்.

ஆக கேபிள் இல்லை, போர்ட் இல்லை. கீழ் டிஸ்க்தான், அதாவது நான் ஐந்து நாள் முன்பு பிரித்துப் போட்ட புது டிஸ்க். அதே கோளாறோடு இரண்டு டிஸ்க் வருமா? என் ஜாதகத்தில்தான் ஏதோ சிஆர்சி பிழை.

--

வேர்க்கணக்கு
வியாழன், மதியம் 1:30

தம்பி, ஜாதகத்தை அப்புறம் பார்க்கலாம். டிஸ்க்கிலிருந்து வெளியே வரும் பிளக் எத்தனை? இரண்டு. நீங்கள் மாற்றிப் பார்த்தது ஒன்று. எல்லோரும் டேட்டா கேபிளோடு நிறுத்திவிடுகிறார்கள். நானே ஒரு தடவை அப்படி ஒரு கன்ட்ரோலர் கார்டை வீணாக மாற்றியிருக்கிறேன்.

மூன்று கேள்விகள். 'டிடாச்டு' வரிக்கு அப்புறம் லாகில் என்ன இருக்கிறது? நீங்கள் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்து, ஸ்மார்ட்சிடிஎல் பட்டியலில் 12-உம் 192-உம் எவ்வளவு? 12 என்பது டிஸ்க்குக்கு எத்தனை தடவை மின்சாரம் போய் வந்தது என்ற கணக்கு. 192 என்பது மின்சாரம் திடீரென்று போனதால் டிஸ்க் தன் படிக்கும் தலையை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்ட தடவைகள். இந்த இரண்டும் டிஸ்க்கே எழுதும் டைரி, பொய் சொல்லாது.

கடைசிக் கேள்வி. இது ஆரம்பிப்பதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து என்ன செய்தீர்கள்? "ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லக் கூடாது.

--

ராக்கோழி
வியாழன், மாலை 4:50

அண்ணே, உட்கார்ந்திருக்கிறேன், எழுந்திருக்கவில்லை.

'டிடாச்டு' வந்து 12 விநாடியில் டிஸ்க் தானே திரும்பி வந்திருக்கிறது. மாடல் பெயர், சீரியல், '600.000 எம்பி/எஸ் டிரான்ஸ்ஃபர்ஸ்' என்று புதிதாக பிளக்கில் செருகியது போல முழு அறிமுகமும் இருக்கிறது. ஒரு இரவில் இப்படி நான்கைந்து தடவை. ஒன்பது நாளாக நான் படித்தது முதல் தடவையை மட்டும்.

புது டிஸ்க்கைப் போட்ட பிறகு நான் சர்வரை அணைத்துப் போட்டது, விரலை விட்டு எண்ணினாலும், ஏழு தடவைக்கு மேல் இல்லை. 12-க்கு நேரே இருப்பது 31. 192-க்கு நேரே 24. மேல் டிஸ்க்கில் 192 வெறும் 3, அதன் வாழ்நாள் முழுவதற்கும்.

அப்புறம் அந்தக் கடைசிக் கேள்வி. பதினோரு நாள் முன்பு இன்னொரு எஸ்எஸ்டி சேர்த்தேன், தினசரி ஸ்னாப்ஷாட்டை (பூலின் அன்றைய நிலை) அனுப்பி வைக்க. பவர் சப்ளையில் சாட்டா பவர் பிளக் மிச்சம் இல்லை. கைவசம் கிடந்த ஒரு ஒய் கேபிளை (ஒரு பவர் பிளக்கை இரண்டாகப் பிரிப்பது) போட்டு, ஒரு கிளையைக் கீழ் டிஸ்க்குக்கும் மற்றதை எஸ்எஸ்டிக்கும் கொடுத்தேன். டிஸ்க்கோடு சம்பந்தமில்லாத வேலை என்று மனசில் பதிந்துவிட்டது போல, ஞாபகமே வரவில்லை.

ஸ்னாப்ஷாட் ஸ்கிரிப்ட் எத்தனை மணிக்கு ஓடும் என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 3:00.

--

வேர்க்கணக்கு
வியாழன், மாலை 6:20

இப்போது கோர்வையாகிறது. டிடியில் கோளாறு ஏன் வரவில்லை என்பதும் புரிகிறது. நீங்கள் ஹார்ட் டிஸ்க்குகளை மட்டும் ஓட்டினீர்கள், எஸ்எஸ்டி தூங்கிக்கொண்டிருந்தது.

3.5 அங்குல டிஸ்க்குக்கு இரண்டு மின்னழுத்தம் வேண்டும். உள்ளே இருக்கும் தகட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட், மஞ்சள் கம்பி. சர்க்யூட் போர்டுக்கு 5 வோல்ட், சிவப்புக் கம்பி. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பெரும்பாலும் 5 வோல்ட்டை மட்டும்தான் எடுக்கும். எழுதும்போது அதிகமாகவே எடுக்கும். 3:00-க்கு எஸ்எஸ்டியில் எழுத ஆரம்பிக்கிறது, 3:01-க்கு டிஸ்க்கில் ஃபைண்ட் நடை தொடங்குகிறது. இரண்டு பேரும் ஒரே சிவப்புக் கம்பியில், ஒரே இணைப்பு வழியாக உறிஞ்சுகிறார்கள். அந்த இணைப்பு லூசாக இருந்தால் அங்கே வோல்ட் விழும். 5 வோல்ட் கொஞ்சம் கண் சிமிட்டினாலே டிஸ்க்கின் மூளை ரீசெட் ஆகும், தலையை இழுத்துக்கொள்ளும், திரும்ப எழும். உங்கள் 'டிக்', ஊளை, 12 விநாடி எல்லாம் அதுதான். பேச்சு நடுவில் அறுந்தால் ஒன்றிரண்டு சிஆர்சி பிழையும் விழும், அந்த 2-உம் 11-உம் அப்படி வந்திருக்க வேண்டும்.

எஸ்எஸ்டி ஏன் விழவில்லை என்று கேட்கலாம். அது 5 வோல்ட்டை உள்ளேயே இன்னும் கீழே இறக்கித்தான் பயன்படுத்துகிறது, கொஞ்சம் குறைந்தால் தாங்கிக்கொள்ள இடம் இருக்கும்.

கணினிப் பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் கணக்கில் 5 வோல்ட் என்பது 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால், சும்மா இருக்கும் பிளக்கில் அளக்காதீர்கள், அங்கே எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் காட்டும். எஸ்எஸ்டியில் எழுத விட்டு, ஒய் கேபிளின் இணைப்பைத் தாண்டி டிஸ்க் பக்கம் அளந்து பாருங்கள். கருப்பு கிரவுண்ட். மஞ்சளும் சிவப்பும் உரசிவிடாமல் கவனம், முனை வழுக்கினால் வேறு ஒரு கேள்வியோடு இங்கே வர வேண்டியிருக்கும்.

--

ராக்கோழி
வெள்ளி, மாலை 7:15

நாள் முழுக்கப் பெட்டியோடுதான்.

அளவெடுக்கும் முன் பகலிலேயே வரவழைக்க முடிகிறதா என்று பார்த்தேன். பூலில் ஃபைண்ட் ஓட விட்டு, அதே நேரம் எஸ்எஸ்டிக்கு ஸ்னாப்ஷாட் அனுப்பினேன். 9 நிமிஷத்தில் 'டிக்'. ஒன்பது நாள் இரவு 3 மணிக்குக் காவல் இருந்தவனுக்கு, மத்தியானம் 12 மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அப்புறம் மீட்டர். எதுவும் செருகாத பிளக்கில் 5.06. ஒய் கேபிளுக்கு முன்னால், சப்ளை பக்கம் 5.03. ஒய் கேபிளைச் சப்ளையோடு சேர்க்கும் நான்கு முள் இணைப்பைத் தாண்டியதும் 4.8-இல் நின்றது. எஸ்எஸ்டியில் எழுத ஆரம்பித்ததும் 4.5, 4.6, 4.41 என்று ஆட்டம் போட்டது. கம்பியை விரலால் லேசாக அசைத்தேன், திரையில் லாக் வரிகள் கொட்டின.

அணைத்துவிட்டுக் கழற்றினேன். அந்த நான்கு முள் பிளக்கில் மூன்று முள் நேராக நிற்கின்றன. சிவப்புக் கம்பியின் முள் மட்டும் பிளாஸ்டிக்குக்குள் பின்னால் நழுவியிருக்கிறது, அரை நகக்கண் அளவு. அதைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் மங்கலான தேநீர் நிறத்துக்கு வந்திருக்கிறது. மூக்கருகே வைத்தால் லேசாகக் கருகிய வாடை. செருகும்போது முள்ளைப் பின்னால் தள்ளியிருக்கிறேன், கை இறுக்கமாக இருந்ததால் சரியாகப் போய்விட்டது என்று நினைத்திருக்கிறேன்.

இப்போது ஒய் கேபிள் குப்பையில். கீழ் டிஸ்க்குக்குச் சப்ளையிலிருந்து நேர்க் கம்பி. எஸ்எஸ்டியைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டேன்.

--

தூசிதட்டி
வெள்ளி, இரவு 8:00

கேபிள் என்று சொன்னேன், தவறான கேபிளைச் சொல்லியிருக்கிறேன். 12-ஐயும் 192-ஐயும் இனி முதல் கேள்வியிலேயே கேட்பேன்.

அந்த பிளாஸ்டிக் நிறம் மாறியது நல்ல அறிகுறி இல்லை, இன்னும் சில வாரம் விட்டிருந்தால் டிஸ்க் போவதோடு நின்றிருக்காது. எஸ்எஸ்டிக்குக் கிளைக் கேபிள் கட்டாயம் வேண்டுமென்றால், பிளக்கோடு சேர்த்து வார்த்த வகையைத் தவிர்த்து, கம்பிகள் தனித்தனியாகப் பின்பக்கம் தெரியும் வகையாகப் பாருங்கள். செருகிய பிறகு ஒவ்வொரு கம்பியையும் பின்பக்கமிருந்து மெதுவாக இழுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

--

பழைய_இரும்பு
வெள்ளி, இரவு 9:10

சரி, போர்டு வாங்காதீர்கள். ஆனால் ஈசிசி பற்றி நான் சொன்னது சொன்னதுதான், அதற்குத் தனி இழை திறக்கிறேன்.

--

வேர்க்கணக்கு
வெள்ளி, இரவு 10:25

ஒரு சின்ன விஷயம். டிஸ்க் திரும்பி வந்திருந்தால் ரீபூட் தேவையே இல்லை. இசட்பூல் ஆன்லைன் கொடுத்தால் போதும். டிஸ்க் பட்டியலில் இல்லையென்றால் முதலில் கேம்கன்ட்ரோல் ரீஸ்கேன். இசட்எஃப்எஸ்டி என்ற டீமனை (பின்னணியில் ஓடும் நிரல்) ஆர்சி கான்ஃப் அமைப்புக் கோப்பில் இயக்கி வைத்தால், திரும்பி வரும் டிஸ்க்கைத் தானே பூலில் சேர்த்துக்கொள்ளும். எனக்கு அதில் அரை மனசுதான். அது முன்பே ஓடியிருந்தால் காலையில் பூல் 'ஆன்லைன்' என்றே காட்டியிருக்கும், நீங்களும் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள், அந்த பிளாஸ்டிக் கருகிக்கொண்டே இருந்திருக்கும். இயக்குவதாக இருந்தால் 'பீரியாடிக் டெய்லி' அனுப்பும் தினசரி மெயிலைப் படிக்கும் பழக்கமும் வேண்டும்.

--

ராக்கோழி
திங்கள், காலை 9:05

மூன்று இரவு தாண்டிவிட்டது. 12-க்கு நேரே வெள்ளிக்கிழமை இரவு 38 என்று தாளில் எழுதி பெட்டியில் ஒட்டியிருந்தேன். இன்று காலையும் 38. 192-உம் அசையவில்லை. 199 இன்னும் 2-தான். அது பூஜ்யத்துக்குத் திரும்பாதா என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன், திரும்பாதாம். ஏறாமல் நின்றால் போதும் என்று விட்டுவிட்டேன்.

கழற்றி வைத்த பழைய டிஸ்க்கில் ஸ்மார்ட் லாங் டெஸ்ட் ஓட்டினேன், பிழை இல்லாமல் முடிந்தது. அதை இசட்பூல் அட்டாச் கொடுத்து மிரரில் மூன்றாவதாகச் சேர்த்திருக்கிறேன், ரீசில்வர் இப்போது 61 சதவீதம். எஸ்எஸ்டி இப்போது இன்னொரு இயந்திரத்தில் இருக்கிறது, ஸ்னாப்ஷாட் நெட்வொர்க் வழியாகப் போகிறது, 3:00-க்குப் பதில் 1:30-க்கு.

வேர்க்கணக்கு அண்ணே, தினசரி மெயிலைப் பற்றிச் சொன்னீர்களே. ரூட் என்ற நிர்வாகி கணக்குக்கு வந்த மெயிலை இன்றுதான் திறந்தேன். படிக்காதது 412. முதல் நாளே 'டிகிரேடட்' என்று அதில் வந்திருக்கிறது.